கிளாம்புச் சுவரும் அப்பாவின் வலது கையும்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் சுகம், வீடு சுகம், நீ வாசலில் நட்டுவிட்டுப் போன செடிகூடச் சுகம், உன் அப்பா மட்டும் முக்கால் சுகம். மீதிக் கால் பங்கு எங்கே போயிற்று என்று சொல்லத்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நானே நினைத்துக்கொள்கிறேன், இல்லையென்றாலும் வாயைத் திறக்க மாட்டாய், அந்த விஷயத்தில் நீ அச்சு அசல் அப்பா பிள்ளை. போன வாரம் போனில் முகம் பார்த்துப் பேசும்போது ஒன்று கேட்டாயே, அப்பா ஏன் இடது கையால் போனைப் பிடித்திருக்கிறார், வலது கைக்கு என்ன ஆச்சு என்று. அவர் அந்தக் கையில் டீ இருக்கு என்றார், நானும் பக்கத்தில் நின்று ஆமாம் டீ சூடா இருக்கு என்றேன். டீயும் இல்லை, டம்ளரும் இல்லை, கை மேஜைக்கு அடியில் சும்மா கிடந்தது. அந்தக் கையில் பிடி குறைந்துவிட்டது. பயந்து எழுந்து நிற்காதே, உட்கார்ந்து படி. ஆபத்து ஒன்றும் இல்லை, வைத்தியத்துக்கும் ஏற்பாடு ஆகிவிட்டது. ஆனால் மரவேலை செய்கிறவருக்குப் பிடி இல்லையென்றால் மிச்சம் என்ன இருக்கிறது, அதுதான் இப்போது இந்த வீட்டின் கவலை. இதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன், நடுவில் என்ன கூத்தடித்தேன் என்பதையெல்லாம் போனில் சொல்ல முடியாது, நம் வீட்டில் மெதுவாகப் பேசினால்தான் அவர் காது நன்றாகக் கேட்கும். என் படிப்புக்கு இவ்வளவு நீளம் எழுதினால் வரி மேலே மேலே ஏறிக்கொண்டு போகும், நீதான் தலையைச் சாய்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

அவர் கம்பெனியை விட்டு வந்து கார் ஷெட்டைப் பட்டறை ஆக்கிக்கொண்டது உனக்குத் தெரியும், நமக்குத்தான் கார் கிடையாதே, ஷெட்டுக்கும் ஒரு வேலை வேண்டாமா. அதில் மரத்தைவிட அதிகமாகக் கிடந்தது கிளாம்புதான். பசை பூசிச் சேர்த்த பலகைகளைக் காய்கிற வரைக்கும் விடாமல் கடித்துக்கொண்டிருக்கிற இரும்புச் சாமான், சின்ன வயதில் நீ உன் பொம்மை மூக்கில் மாட்டிவிட்டு அழுதாயே, அதே சாமான். ஒரு மனுஷனுக்கு எத்தனை கிளாம்பு வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். எப்போது கேட்டாலும் இன்னும் ரெண்டு இருந்தா போதும் என்பார், அந்த இரண்டு வந்த பிறகு கேட்டாலும் அதே பதில்தான். இருக்கிறதை ஒழுங்காக வைக்கவும் தெரியாது. ஜன்னல் கம்பியில் நாலு தொங்கும், மேஜைக்கு அடியில் பத்து கிடக்கும், குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்த நாளிலிருந்து ஒரு கிளாம்புதான் தாழ்ப்பாள், துணிக்கொடியில்கூட ஒன்றைக் கண்டேன். பலகையில் பசையைப் பூசிவிட்டு, அந்த நீட்டு கிளாம்பு எங்க, அந்தக் குட்டை எங்க என்று அவர் போடுகிற சத்தத்தில் நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவேன். பசை யாருக்காகவும் காத்திருக்காது, வெளியே தோல் கட்டிவிட்டால் அப்புறம் ஒட்டவே ஒட்டாது. அதனால் அவர் மரம் பார்க்க வெளியூர் போன அன்று நான் ஷெட்டுக்குள் புகுந்துவிட்டேன்.

பழைய கதவு ஒன்று சுவரோரம் சாய்ந்து கிடந்ததே, அதைத் தூக்கி அவருடைய வேலை மேஜைக்கு நேரே சுவரில் ஏற்றினேன், ஓட்டை போடுகிற மெஷினை நானே பிடித்தேன், சுவரில் ஓர் ஓட்டை அதிகமாக விழுந்துவிட்டது, அதன் மேல் காலண்டரை மாட்டிவிட்டேன். உடைந்த நாற்காலிக் கால்களை அறுத்துக் கதவு முழுக்க முளை அடித்தேன். எதை எங்கே மாட்டுவது என்று வந்தபோதுதான் ஆசை ஆசையாக யோசனை ஓடியது. நீளத்தை வைத்தா, எடையை வைத்தா, வகையை வைத்தா. கடைசியில் சமையலறைக் கணக்கையே அங்கேயும் போட்டேன், தினம் எடுப்பது தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில், எப்போதாவது எடுப்பது மேலே, காலில் விழுந்தால் காலை உடைக்கிற கனம் எல்லாம் கீழே. அதில் இரண்டு ஜாதி இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். ஒன்று, குறுக்குக் கம்பி போட்ட கைப்பிடியைத் திருகித் திருகி இறுக்குவது, அதற்கு முறுக்கு என்று பேர் வைத்தேன். இன்னொன்று, துப்பாக்கி மாதிரி விசையை அமுக்க அமுக்கத் தானாகக் கடித்துக்கொள்வது, அதற்கு அமுக்கு. அவர் அதிகம் எடுப்பது முறுக்குதான், அமுக்கெல்லாம் விளையாட்டுச் சாமான், பொம்மை செய்யத்தான் ஆகும் என்பார். அதனால் முறுக்கை நடுவிலும் அமுக்கை மேலேயும் மாட்டி, எடுத்ததை அதே இடத்தில் வைக்கட்டும் என்று ஒவ்வொன்றையும் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டேன். வந்து பார்த்தவர் சுவருக்கு முன்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துவிட்டு, எல்லாம் சரி, இனிமே நான் எதைக் காணோம்னு கத்துறது என்றார். அவர் வாயிலிருந்து வந்ததில் அதுதான் பெரிய பாராட்டு, எனக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் சுவர் நகர ஆரம்பித்தது. காலையில் பெருக்கப் போனால் நான் நடுவில் மாட்டிய முறுக்கில் ஒன்று கீழே வாளியில் கிடக்கும், அதன் கோட்டுக்குள்ளே ஓர் அமுக்கு வந்து பொருந்தாமல் தொங்கும். எடுத்து மாட்டி வைப்பேன், மறுநாள் இன்னும் இரண்டு வாளியில். நாள் போகப் போக வலது பக்கத்து முளைகள் மொட்டையாக நிற்கின்றன, எல்லாம் மேஜைக்கு இடது பக்கமாகவே சரிந்து சரிந்து போகின்றன, யாரோ சுவரைத் தூக்கி ஒரு பக்கம் சாய்த்த மாதிரி. என்னங்க இது என்று கேட்டால், எது கைக்கு வருதோ அதை எடுக்கிறேன், இதுக்கெல்லாம் விசாரணையா என்றார். சரி, அவர் இல்லை என்றால் வேறு யார். பக்கத்து வீட்டுத் தையல்காரி துணி வெட்டும்போது மேஜையோடு பிடித்துக்கொள்ள நம்மிடம்தான் கிளாம்பு வாங்குவாள், அவளை மடக்கினேன். அவள் கையில் கத்தரியோடு, அக்கா, நான் திருடுறதா இருந்தா உங்க வீட்டு மிக்ஸியத் திருட மாட்டேனா, போயும் போயும் இரும்பயா திருடுவேன் என்றாள், சொல்லிவிட்டு அவளுக்கும் ஆவல் தாங்கவில்லை. துணியில் கோடு போடுகிற நீலச் சாக்கட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்து, இதைப் பொடி பண்ணி எல்லாக் கைப்பிடியிலயும் தடவுங்க, சாயங்காலம் யார் கை நீலமோ அவங்கதான் என்றாள். படிக்கிற காலத்தில் எனக்கு இப்படியொரு தோழி கிடைத்திருந்தால் பள்ளிக்கூடத்தைவிட்டு இன்னும் சீக்கிரமே நின்றிருப்பேன்.

அவர் குளித்துக்கொண்டிருக்கும்போது தடவி வைத்தேன். அன்றைக்கு அவர் ஒரு முக்காலிக்குக் கால் ஒட்டுகிற வேலையில் இருந்தார். சாயங்காலம் டீ கொடுக்கும்போது கையைப் பார்த்தேன். இடது உள்ளங்கை நீலம், இடது முழங்கை நீலம், இடது காதும் நீலம், யோசிக்கும்போது காதை இழுத்துவிடுகிற பழக்கம் உனக்குத் தெரியுமே. வலது கை அப்போதுதான் சோப்புப் போட்டுக் கழுவிய மாதிரி இருந்தது, ஒரு புள்ளி இல்லை. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்து, அது வந்த வேகத்திலேயே நின்றுவிட்டது. நாள் முழுக்கக் கிளாம்போடு வேலை செய்த மனுஷன், சோற்றுக் கைக்காரர், வலது கையால் ஒரு கைப்பிடியைக்கூடத் தொடவில்லை. அவர் உள்ளே போனதும் நான் ஷெட்டுக்குப் போய் முக்காலியில் மாட்டியிருந்த கிளாம்பைத் தொட்டுப் பார்த்தேன். முன்பெல்லாம் அவர் இறுக்கியதை நான் இரண்டு கையாலும் தொங்கினால்கூட அசைக்க முடியாது, அன்றைக்கு இரண்டு விரலால் திருப்பினேன், பாட்டில் மூடி மாதிரி கழன்று வந்தது, நானே திரும்ப இறுக்கி வைத்தேன். அப்புறம்தான் சுவர் எனக்கு விளங்கியது. திருகுகிறதெல்லாம் வாளிக்குப் போகிறது, இடது கையால் அமுக்குகிறதெல்லாம் அருகில் வருகிறது. வாயால் சொல்லாததை மனுஷன் முளை முளையாக மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

நேரே போய்க் கேட்டிருக்கலாம்தானே என்பாய். கேட்டால் என்ன சொல்வார், ஒண்ணுமில்ல என்பார், அவரோடு இத்தனை வருஷத்தில் நான் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான். அப்போது எனக்குத் தோன்றியது, சரி, அவர் கைக்குப் பதில் இறுக்க என் கையாவது இருக்கிறதே என்று. அவர் பசை பூசி கிளாம்பு மாட்டியதும் குளிக்கப் போவார், மரத்தூளோடு உள்ளே வந்தால் நான் விடமாட்டேன். அந்த நேரத்தில் நான் ஷெட்டுக்குள் நழுவி ஒவ்வொன்றையும் நன்றாக இறுக்கிவிட்டு வந்து அடுப்பங்கரையில் ஒன்றும் தெரியாதவள் மாதிரி நிற்பேன். இறுக்கியது மட்டுமா, குறுக்குக் கம்பி ஒன்று இப்படியும் ஒன்று அப்படியும் நின்றால் எனக்குப் பார்க்கச் சகிக்காது, எல்லாம் ஒரே மட்டத்தில் வருகிற வரைக்கும் இன்னும் கால் திருப்பு, இன்னும் அரைத் திருப்பு என்று திருப்பி அழகாக நிறுத்துவேன். முக்காலி கல் மாதிரி ஒட்டியது. தையல்காரிக்குச் செய்த நூல் பெட்டி ஒட்டியது, படச் சட்டம் ஒட்டியது. எனக்குள்ளே ஒரே பெருமை. அவர் குளியலறையில் பாடுகிற சத்தம் கேட்டது, இன்னும் மோசமாகத்தான் பாடுகிறார், ஆனாலும் பாடினாரே. ஒருநாள் போய்ப் பார்த்தால் வாளியில் கிடந்த முறுக்கெல்லாம் பழையபடி சுவரின் நடுவில் அதனதன் கோட்டில் தொங்குகின்றன. அன்றைக்குச் சாப்பிடும்போது தானாகவே சொன்னார், கொஞ்ச நாளா வலது கை மக்கர் பண்ணிச்சும்மா, மரத்துப் போயிடும், பிடிச்சது நழுவும், உன்கிட்ட சொல்லலை, டாக்டர்கிட்ட போயிடலாம்னு இருந்தேன், இப்போ பாரு, தானா சரியாயிடுச்சு, ஒட்டுறது எல்லாம் சும்மா இரும்பு மாதிரி ஒட்டுது என்றார். அவர் கேட்காமலே தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டேன். டாக்டரிடம் போக இருந்தவரை வீட்டிலேயே நிறுத்தி வைத்தது நான்தான், அதுவும் ஒளிந்து ஒளிந்து.

சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்று தினம் ஷெட் வாசல்வரை போவேன், உள்ளே அவர் சந்தோஷமாகப் பலகை இழைத்துக்கொண்டிருப்பார், துடைப்பத்தை எடுத்துப் பெருக்கிவிட்டு வந்துவிடுவேன். அந்தத் தைரியத்தில் அவர் பெரிய வேலை ஒன்றை ஒத்துக்கொண்டார். நாய் டாக்டர் வீட்டு முன்னறைக்கு நீளமாக ஒரு பெஞ்சு, மேலே ஆட்கள் உட்கார வேண்டும், அடியில் நாய்கள் படுக்க வேண்டும், ஒன்றோடொன்று சண்டை போடாமல் இருக்க நடுவில் தடுப்பு. நல்ல அகலப் பலகை கிடைக்காது, மூன்று பலகையைப் பக்கவாட்டில் ஒட்டித்தான் இருக்கை. ஒட்டிய அன்று கை சரியாகிவிட்டது என்ற நினைப்பில் அவரும் மூச்சைப் பிடித்துத் தோளையெல்லாம் போட்டு இறுக்கியிருக்கிறார், அவர் குளிக்கப் போனதும் நானும் போய் இறுக்கினேன், நீளமான வரிசை இல்லையா, ஒரு கம்பியை மட்டப்படுத்தினால் பக்கத்துக் கம்பி கோணலாகத் தெரிந்தது, அதையும் திருப்பினேன். பசை பொங்கி வழிந்தது, நன்றாக இறுகிவிட்டது என்று எனக்குச் சந்தோஷம், துணியால் துடைத்துவிட்டு வந்தேன். மறுநாள் அவர் ஒரு கோடியிலிருந்து கிளாம்புகளைக் கழற்றிக்கொண்டே வந்து பலகையை லேசாகத் தூக்கினார், டப் என்று ஒரு சத்தம், கோடியிலிருந்து ஒட்டு வாயைப் பிளந்துகொண்டது. உள்ளே பார்த்தால் பசையே இல்லை, வெறும் மரம். நான் வாசலில் காபித் தண்ணியோடு நிற்கிறேன். அவர் கழற்றாமல் மிச்சம் இருந்த கிளாம்புகளை உற்றுப் பார்க்கிறார், தலையைக் குனிந்து வரிசையோடு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். எல்லாக் கம்பியும் நூல் பிடித்த மாதிரி ஒரே மட்டத்தில் நிற்கிறது. திரும்பி என்னைப் பார்த்து, இந்த வீட்டுல கப்போட காது எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிக்கணும்னு சொல்றது யாரு என்றார்.

நான் திட்டு விழும் என்று காத்திருந்தேன், விழவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். எத்தனை நாளா என்றார், முக்காலியிலேர்ந்து என்றேன். அப்போ நல்லா ஒட்டினது எல்லாம் நீ இறுக்கினதா, என் கை சரியாகவே இல்லையா என்று கேட்டார் பார், குட்டி, அந்த முகத்தை நான் எப்படி எழுதுவது. ஒட்டுனது பசைங்க, நான் பக்கத்துல நின்னேன், அவ்வளவுதான் என்றேன். அதற்குச் சிரிக்கவில்லை. பசை ரெண்டு பலகைக்கும் நடுவுல இருக்கணும், நீ பிழிஞ்ச பிழியில எல்லாம் வெளிய ஓடிப்போச்சு, இறுக்குறதுக்கும் ஒரு அளவு இருக்கு என்று மெதுவாகச் சொன்னார், அதையும் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என்கிட்ட மறைச்சது நீங்க, உங்ககிட்ட மறைச்சது நான், ரெண்டு பேரும் மாத்தி மாத்தி இறுக்கித்தான் பலகை போச்சு என்று நான் சத்தம் போட்டேன். இப்படிக் கத்திக்கொண்டிருக்கும்போது வாசலில் ஸ்கூட்டர் சத்தம், பெஞ்சு எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க நாய் டாக்டரே வந்துவிட்டார். பிளந்த பலகையைப் பார்த்துவிட்டு, என்ன அண்ணே, என் பேஷண்ட் எதுவும் முன்கூட்டியே வந்து கடிச்சிட்டுப் போச்சா என்றார். அப்போதுதான் உன் அப்பா முதல் தடவையாக வாய்விட்டு ஒரு வெளி மனுஷரிடம் சொன்னார், வலது கையில பிடி வரலை டாக்டர், வேலை தாமதமாகும் என்று.

அந்த மனுஷர் கையைக் கொடுங்க என்று வாங்கி மடக்கினார், நீட்டினார், மணிக்கட்டின் உள்பக்கத்தை இரண்டு விரலால் தட்டினார், இவர் சுரீர் என்று கையை இழுத்துக்கொண்டார். கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சதையை இரண்டு கையிலும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், நானும் எட்டிப் பார்த்தேன், இடது கையில் புசுபுசு என்று இருக்கிறது, வலது கையில் பள்ளம். தினம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன், அந்தப் பள்ளத்தை நான் பார்க்கவே இல்லை. உங்களை நான் பார்க்கக் கூடாது, வால் இல்லை பாருங்க, ஆனா இது மணிக்கட்டுல நரம்பு நெரிபடுற மாதிரி தெரியுது, இதுக்குன்னு இருக்கிற டாக்டர்கிட்ட போங்க, தள்ளிப் போடாதீங்க, என்கிட்ட வர்றவங்க எங்க வலிக்குதுன்னு சொல்ல மாட்டாங்க, அவங்களுக்குப் பேசத் தெரியாது, உங்களுக்கு என்ன அண்ணே என்று கேட்டார். நான் வருஷக்கணக்காகப் பேசிச் சாதிக்காததை அந்த ஒரு கேள்வி சாதித்தது. மறு வாரமே கை டாக்டரிடம் போனோம். விரல் விரலாக ஏதோ கம்பி ஒட்டிச் சோதித்தார்கள், வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் எல்லாம் உங்களுக்கு எந்தக் கை என்று நான் விசாரித்துவிட்டேன், இவர் என் முந்தானையை இழுத்துக்கொண்டே இருந்தார். நாய் டாக்டர் சொன்னதேதான். மணிக்கட்டில் நரம்பு போகிற வழி குறுகிப் போயிருக்கிறதாம், சின்னதாக வெட்டித் தளர்த்திவிட்டால் மரத்துப் போவது நிற்குமாம். ஆனால் லேட்டாக வந்திருக்கிறீர்கள், வற்றின சதை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் அந்த டாக்டர். அடுத்த மாத முதல் வாரத்தில் வெட்டுகிறார்கள். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

இதெல்லாம் உனக்குத் தெரியக் கூடாது என்று எனக்குக் கட்டளை. ஏன் என்று கேட்டேன். அவ ஓடி வந்துடுவா, பயிற்சியைப் பாதியில விட்டுட்டு வந்து என் கையைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருப்பா, அப்புறம் அந்த இடம் மறுபடி கிடைக்குமா என்றார். கைக்காகப் பயந்ததைவிட அதற்குத்தான் அதிகம் பயந்து மறைத்திருக்கிறார். நான் அவளுக்குப் போனில் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன், கடிதத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதனால் நீ பெட்டியைக் கட்டாதே. இங்கே ஆள் இருக்கிறது, என் இரண்டு கை இருக்கிறது, அவருடைய ஒரு கை இருக்கிறது, மூன்று போதும். நீ அங்கே முடிக்க வேண்டியதை முடித்துவிட்டு லீவு கிடைக்கும்போது வா, அந்தச் சமயத்தில் அவருக்குக் கைக்குப் பயிற்சி கொடுக்க ஆள் வேண்டியிருக்கும், பந்தை அமுக்கச் சொல்ல வேண்டுமாம், அவரை அதட்ட உன்னால்தான் முடியும்.

பெஞ்சு என்ன ஆயிற்று என்று கேட்பாயே. ஒட்டைப் பிளந்து இழைத்துச் சுத்தம் பண்ணி மறுபடி ஒட்டினோம், இந்தத் தடவை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஷெட்டுக்குள்ளே, அவர் பசை பூசினார், நான் திருகினேன். பசை ஓரத்தில் முத்து முத்தாகக் கோத்த மாதிரி வெளியே எட்டிப் பார்த்தால் போதும், அங்கே நிறுத்தணும் என்றார். நிறுத்தினேன். கம்பி ஒன்று வடக்கேயும் ஒன்று தெற்கேயும் பார்த்துக்கொண்டு நின்றது, எனக்குக் கை அரித்தது, பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஒட்டியது குட்டி, சுத்தியால் தட்டிக்கூடப் பார்த்தார். சுவரும் மாறிவிட்டது. அங்கே மாட்டிவிட்டு ஓடி ஓடி எடுப்பதில் பாதி நேரம் போகிறது, பசை காய்கிறது, வேலை எங்கேயோ கிளாம்பு அங்கே போக வேண்டும் என்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. பழைய கதவை இரண்டாக அறுத்து, கூடாரம் மாதிரி ஒன்றுக்கொன்று சாய்த்து, அடியில் சக்கரம் போட்டு ஒரு வண்டி செய்திருக்கிறோம். ஒரு பக்கம் அவருக்கு, இடது கைக்கு வாகாக அமுக்கு மட்டும். மறுபக்கம் எனக்கு, முறுக்கு மட்டும், என் உயரத்துக்கு. முளை அடிப்பதற்கு முன்னால், உனக்கு எந்த உயரத்துல வேணும், இதுவா, இன்னும் கீழயா என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதுகூட இந்த மனுஷர் என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆனால் ஒன்று இருக்கிறது. பசை டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டு நானாகப் போய் நின்றால் வேலை வாங்கிக்கொள்வார், தானாக என்னைக் கூப்பிட மாட்டார். நான் குளித்துக்கொண்டிருந்த அன்று தனியாகவே முயன்று ஒரு சின்னச் சட்டம் கோணிப் போயிற்று, அதை மரத்தூள் மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார், நான் பார்க்காத மாதிரி பெருக்கிவிட்டு வந்தேன். ஆபரேஷன் முடிந்தால் கொஞ்ச நாளைக்கு வலது கையை நனைக்கவே கூடாது, அப்போதும் கூப்பிடாமல் தனியாக எதையாவது செய்து காயத்துக் கட்டை அவிழ்த்துக்கொள்ளப் போகிறாரே என்பதுதான் எனக்கு மிச்சம் இருக்கிற பயம்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். போனில் பேசும்போது கை எப்படி இருக்கிறது என்று கேட்டுவிடாதே, என் சத்தியம் காற்றில் போகும், அப்புறம் எனக்கு இந்த வீட்டில் மரியாதை இருக்காது. கிளாம்பு வண்டி செய்தீர்களாமே, எனக்குக் காட்டுங்கள் என்று மட்டும் கேள். காட்டுவார், எந்தப் பக்கம் யாருக்கு என்று அவரே விளக்குவார், விளக்குகிற வேகத்தில் ஏன் இரண்டு பக்கம் என்று அவர் வாயாலேயே வந்துவிடும். அப்போது நீ புதிதாகக் கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள், உனக்கு அது வரும், மார்க் வாங்கிக்கொண்டு வரும்போதெல்லாம் அந்த முகத்தோடுதானே வருவாய். உன் மணிக்கட்டையும் பார்த்துக்கொள், நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் தட்டுகிறாய், விரல் மரத்தால் ஒண்ணுமில்லை என்று சொல்லாதே, அந்த வார்த்தை நம் குடும்பத்தில் ஒருவரிடம் இருந்தால் போதும். ராத்திரி தலையை ஈரத்தோடு வைத்துக்கொண்டு படுக்காதே. அனுப்பிய ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே. எந்த வேலையைத் தொட்டாலும் அது உன் கைக்கு வசப்படட்டும், உன் கை எப்போதும் உன் சொல் கேட்கட்டும், நீ நீண்ட காலம் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், உன்னைச் சுற்றி எப்போதும் ஒரு சிரிப்புச் சத்தம் இருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு பக்கம் எழுத விஷயம் இருக்கிறது, தையல்காரி வீட்டுக்கு வந்த புதுப் பூனையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஆனால் எழுத முடியாது. ஷெட்டிலிருந்து குரல் வருகிறது. முதலில் ரேடியோ என்று நினைத்தேன், காதைக் கொடுத்துக் கேட்டேன், இல்லை, அவர்தான். ஏம்மா, எங்க இருக்க, பசை டப்பாவை இன்னும் திறக்கலை, நீ வந்ததும் திறக்கலாம்னு நிக்கிறேன், கொஞ்சம் வா என்கிறார். இதோ வர்றேங்க என்று பதில் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தை அரிசி டப்பாவில் போட்டு மூடிவிட்டு ஓடுகிறேன், நாளைக்கு ஒட்டி அனுப்புகிறேன்.

உன்னை எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா
(அப்பாவும் கையெழுத்துப் போட்டதாக நினைத்துக்கொள்)